நாலு பேரிடம் விசாரித்தேன்

என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு வலிப்பு நோய் உண்டு என்பதை 0.944 அளவுக்கு நான் நம்பினேன். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை கணக்கு சுத்தமாக வந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட உண்டானது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். ஃபஸ்ஸி லாஜிக் என் பாடங்களில் ஒன்று. உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலில் அடங்காத விஷயங்களைக் கணக்குக்குள் கொண்டுவரும் முறை அது. டீக்கடையில் "சீனி கம்மியா" என்கிறோம். கம்மி என்றால் எத்தனை கரண்டி என்று கடைக்காரருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் 'இல்லவே இல்லை' என்பதற்குப் பூஜ்யம், 'சந்தேகமே இல்லை' என்பதற்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, நடுவில் கிடக்கும் 'இருக்கலாம்', 'அப்படித்தான் தெரியுது' எல்லாவற்றுக்கும் 0.3, 0.6 என்று ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவோம். நாலு பக்கமிருந்து வரும் அரைகுறைச் செய்திகளை இப்படி எண்ணாக்கிச் சேர்த்தால் ஒரு முடிவு கிடைக்கும். வாஷிங் மெஷின் இதை வைத்துத்தான் துணியின் அழுக்கைக் கணிக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாடம் அப்படி. நானோ எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடாதவள். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். மகள் மதுரையிலிருந்து பஸ் ஏறினால், அவள் இறங்குகிற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. "உங்க அம்மாவுக்கு நல்லது நடந்தாலும் அதுல என்ன கெட்டது இருக்குன்னு பாத்துட்டுத்தான் தூக்கம் வரும்" என்று என் கணவர் மகளிடம் சொல்லுவார். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பேச்சு வந்தபோது, "நீதான் படிச்சவ, நீயே பாத்துக்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குத் தேவகோட்டை. அரசாங்கத்தில் கால்நடை மருத்துவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் பொருந்தியது. தை மாதம் ஒரு கோயிலில் வைத்து இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டோம். மகளும் அவரும் ஊருணிக் கரையில் நின்று கால் மணி நேரம் பேசினார்கள். அதற்கு முன்னால் மூன்று ஜாதகத்துக்கு, "உங்க இஷ்டம்" என்று சொன்ன பெண், அன்றைக்குக் காரில் ஏறியதும் தானாகவே வாயைத் திறந்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆட்டுக்கு மருந்து ஊத்துறப்ப அது எப்படி ஏமாத்தும்னு சொன்னாரு. நான் எங்க ஆஸ்பத்திரியில மாத்திரையை ஒளிச்சு வைக்கிற பெருசுகளைப் பத்திச் சொன்னேன்."

அவள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே பயமாகவும் இருந்தது. அவளுக்குப் பிடித்துப் போய்விட்டதால், இனி எனக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அவளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டிவருமே என்ற பயம்.

இதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் செய்வது விசாரிப்பு. மாப்பிள்ளையிடமோ அவர் வீட்டிலோ நேரில் எதையும் கேட்க மாட்டோம். அது மரியாதைக் குறைச்சல், கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும். அவர்கள் தெருவில் ஒருத்தர், வேலை பார்க்கும் இடத்தில் ஒருத்தர், உறவில் ஒருத்தர் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவர்களும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதுக்கு என்று மென்று முழுங்குவார்கள். அவர்கள் இழுப்பதையும் நிறுத்துவதையும் வைத்து நாம்தான் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். என் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அந்தத் தெருவில் ஒரு பெண் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனேன். காரைக்குடியில் தையல்காரருக்குப் பஞ்சமா என்று அவருக்கும் தோன்றியிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. அளவு எடுத்து முடிந்ததும் மெதுவாகப் பேச்சைக் கொண்டுபோனேன். விஷயம் புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"டாக்டரு வீடா? அவுக அம்மா எங்கிட்டத்தான் தைக்கிறாக. தங்கமான பையன் டீச்சர். ஒரு வம்பு தும்பு கிடையாது."

குடி உண்டா என்றேன், இல்லை. சீட்டு? இல்லை. வேறு பெண் ஏதும்? "சேச்சே." அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என் சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வலிப்பு இருந்ததை மறைத்துவிட்டார்கள். கல்யாணமான மூன்றாம் நாள் அவர் சமையல்கட்டில் விழுந்ததையும், என்ன செய்வதென்று தெரியாமல் சின்னம்மா அலறியதையும் ஏழு வயதில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த மாப்பிள்ளை வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"வலிப்பு கிலிப்பு மாதிரி ஏதும் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்வியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, "அப்படி ஒண்ணும் கேள்விப்பட்டதில்லையே" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாமதத்தைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். மற்ற கேள்விகளுக்குப் பட்டென்று பதில் சொன்னவர் இதற்கு மட்டும் ஏன் நிறுத்தினார்? வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் 0.3 என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து அமராவதிபுதூரிலிருந்து மதினி போன் பண்ணினார். என் கணவரின் அக்கா. நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"தேவகோட்டைப் பையனுக்கு என்னமோ வலிப்புங்கறாகளே. நெசமா பொய்யா தெரியாது. காதுல விழுந்துச்சு, சொல்லாம இருக்க முடியலை."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அது எதுக்கு, வேண்டப்பட்டவுகதான்" என்று முடித்துக்கொண்டார். 0.6.

அடுத்த வாரம் எங்கள் கல்லூரி பஸ் டிரைவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன். அவருக்கும் தேவகோட்டை. டாக்டர் பெயரைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "நல்ல மனுசருதான் மேடம். உடம்புக்கு ஏதோ ஒண்ணுன்னு பொம்பளையாளுக பேசிக்கிட்டாக. நமக்கு விவரம் பத்தாது." 0.5.

இதற்கு மேல் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. கடைசியாக, இந்தக் கூட்டத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒருவரைத் தேடினேன். என் மாணவி ஒருத்தியின் அப்பா மானகிரியில் ஆறு மாடு வைத்திருக்கிறார். அவருடைய பசுவுக்குக் கன்று திரும்பிக் கிடந்தபோது இந்த டாக்டர்தான் வந்து எடுத்தாராம். ஐந்து நிமிடம் வாயாரப் புகழ்ந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா, அவருக்கு வலிப்பு வரும்னு ஒரு பேச்சு இருக்கு டீச்சர். நான் பாத்ததில்லை. பேச்சு இருக்கு."

அவர் டாக்டர் மேல் பிரியம் உள்ளவர். பிரியம் உள்ளவர் வாயிலிருந்தே வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். 0.6 போட்டேன்.

இப்படி வந்தவற்றைச் சேர்க்க இரண்டு வழி உண்டு. இருப்பதிலேயே பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. அப்படிச் செய்தால் 0.6, ஒரு முடிவும் எடுக்க முடியாது. இன்னொன்று, ஒன்றுக்கு ஒன்று பலம் கொடுக்கும்படி அடுக்குவது. நாலு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் சந்தேகம் குறையத்தானே வேண்டும்? முதல் இரண்டையும் சேர்த்தால் 0.72. டிரைவரைச் சேர்த்ததும் 0.86. மாட்டுக்காரரையும் சேர்த்ததும் 0.944. தையல்காரர், நாத்தனார், டிரைவர், மாடு வளர்ப்பவர் என்று நாலு திசை, நாலு தொழில். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்த மகளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவள் அதை முழுசாகப் படித்தாள்.

"அவர்கிட்டயே ஒரு போன் போட்டுக் கேட்டா என்னம்மா?"

"நேரா கேக்குறதா? உனக்குக் கிறுக்கா?"

"சரி, இருக்குன்னே வச்சுக்கம்மா. அதுக்கு மாத்திரை நான்தான் தினமும் எடுத்துக் குடுக்குறேன். மாத்திரையை ஒழுங்கா போட்டா வேலைக்குப் போறாக, கல்யாணம் கட்டுறாக, பிள்ளை பெத்துக்கிறாக. எனக்கு அதைப் பத்திப் பயமில்லை. மறைக்கிறாரா இல்லையாங்கறதுதான் எனக்கு வேணும். அதை அவர்கிட்ட கேட்டாத்தானே தெரியும்?"

அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் சின்னம்மாவின் சமையல்கட்டுதான் நின்றது. நான் கத்தினேன். உன் நல்லதுக்குத்தான் நாயாய் அலைகிறேன் என்று அழுதேன். அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றாள். அந்த வார்த்தை திரும்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை தரகருக்கு போன் பண்ணி, பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னேன். பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டேன். தரகர், "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஒரு மாதம் நான் பிளவுஸை மறந்தேபோனேன். பங்குனியில் தையல்காரரே போன் பண்ணி, "தச்சு வச்சு ரொம்ப நாளாச்சு, வந்து வாங்கிட்டுப் போங்க" என்றார். போனேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நல்லவேளை தப்பிச்சீக டீச்சர். இப்ப ஊரே பேசுது. போன வாரம் அறந்தாங்கிப் பக்கமிருந்து பொண்ணு வீட்டுக்காரக வந்து விசாரிச்சாக. நான் எதுக்குப் பொல்லாப்புன்னு ஒண்ணும் சொல்லலை. காரைக்குடி காலேஜ் டீச்சரம்மா பாத்துட்டு வேணாம்ட்டாகன்னு மட்டும் சொன்னேன். அவுகளும் அப்படியே போயிட்டாக."

"நீங்க எங்கிட்ட அப்படி ஒண்ணும் கேள்விப்பட்டதில்லைன்னுதானே சொன்னீக? பெறகு யாரு சொன்னா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீங்கதானே கேட்டீக?"

"கேட்டேன். சொல்லலையே."

"படிச்சவுக, ஒண்ணுமில்லாமயா கேப்பீக? எனக்கும் அன்னைக்கித்தான் திக்குன்னு ஆச்சு. அதான் பக்கத்து வீட்டு அக்காகிட்ட, காரைக்குடியிலருந்து இப்படிக் கேக்குறாகளே, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மகள் உண்டா, எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அமராவதிபுதூர்.

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காக போன் போட்டேன். மதினிக்குச் சொன்னது அந்த மகள்தான், ரெண்டு வீடு தள்ளி இருக்கிறாள். டிரைவருக்கு அவர் மனைவி சொல்லியிருக்கிறார், அவர் பிளவுஸ் தைப்பது இதே தையல்காரரிடம். மானகிரிக்காரர்தான் மிச்சம். அவரையாவது தனி ஆளாக விட்டுவை என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு போட்டேன். "அமராவதிபுதூருக்கு வைக்கோல் எறக்கப் போயிருந்தேன் டீச்சர். அங்க ஒரு வீட்டம்மா கேட்டாக, டாக்டருக்கு வலிப்பாமே, நெசமான்னு." எந்த வீடு என்றேன். மதினி வீடு.

நாலு பேரிடமிருந்தும் எனக்கு வந்தது நான் கேட்ட கேள்விதான். அது ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது, நான் அதற்கு ஒவ்வொரு தடவையும் மார்க் போட்டிருக்கிறேன். ஒரே இடத்திலிருந்து கிளம்பிய செய்திகளை அடுக்கிக் கூட்டக் கூடாது, அப்போது பெரிய எண்ணை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது வருடா வருடம் நான் சொல்லி எழுத வைக்கும் குறிப்பு. எழுதாத பிள்ளைகளுக்கு இரண்டு மார்க் குறைத்திருக்கிறேன். அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிளவுஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ்ஸை விட்டேன்.

மகளிடம் போனில் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது, கத்தவில்லை. "அறந்தாங்கிப் பொண்ணு வீடு வரைக்கும் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "இனிமே அவரே சரின்னாலும் அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோட போவேன்? முதல்ல நீ அவர்ட்ட போய்ச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ஆடுகளோடும் கயிறு பிடித்தவர்களோடும் வரிசையில் நின்றேன். கையில் ஒன்றுமில்லாமல் நின்றவள் நான் ஒருத்திதான். என் முறை வந்ததும் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கைகளைக் கழுவிவிட்டு, வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசி வரைக்கும் சொன்னேன்.

"எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லைங்க" என்றார் கடைசியில். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் வீடு வீடாப் போய் இல்லைன்னு சொல்லிடறேன் தம்பி. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"வேணாம். தயவு செஞ்சு அதைச் செய்யாதீக. இல்லைன்னு ஒருத்தர் வந்து சொன்னா, அப்ப ஏதோ இருக்குன்னுதான் இன்னும் நாலு பேருக்குத் தோணும்." மருந்தகத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஒரு மாசமா அம்மா என்னைத் தனியா குளிக்க விடுறதில்லை, கதவுக்கு வெளியவே நிக்கிறாக. சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்தப்ப ஒருக்கா கை வெட்டி வெட்டி இழுத்துச்சோன்னு அவுகளுக்கே சந்தேகம் வந்துருச்சு."

அவர் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சம்பந்தம் திரும்பவும் கூடி வருகிறதோ என்று நினைத்துவிட்டார் போல. நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். உங்கள் மகனுக்கு ஒரு நோயும் இல்லை, எல்லாம் நான் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியது, எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, நானாகப் பயந்து கேட்டது, என்னை மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்று, முப்பது வருடம் கூடவே இருந்து வளர்த்தவர், என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொல்றீகளா டீச்சர்?" என்றார்.